டீச்சரோட இ-போர்ட்போலியோ

எனக்குக் கோவம் சட்டுன்னு வரும். போட்டோஸ்டேட் மெஷின் பேப்பரைக் கடிச்சுக்கிட்டு நிக்கிற நேரம் பார்த்து எவனாவது வந்து "அண்ணே, அவசரம்லா"ன்னு சொன்னா அவ்வளவுதான், கத்திடுவேன். சுங்கை பட்டாணி ஊர்ல, பாக்கார் ஆராங்ல என் கடைக்கு வர்ற எல்லாருக்கும் இது தெரியும். தெரிஞ்சும் வர்றாங்க, பக்கத்துல வேற கடை இல்ல. பிரிண்டிங், லாமினேட், பள்ளிக்கூடச் சாமான், இதுதான் என் பொழப்பு. வர்றவங்கள்ல பாதிப் பேர் டீச்சருங்க. வீட்டுலயும் ஒரு டீச்சர். என் மனைவியை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கல்யாணம் ஆன புதுசுல கிண்டலுக்கு "டீச்சர்"னு கூப்பிட ஆரம்பிச்சேன், அப்படியே நின்னுடுச்சு.

அந்த டீச்சர் வகுப்பை விட்டு வெளிய வந்ததைத்தான் இங்க எழுதறேன். அதுல இந்த இ-போர்ட்போலியோவுக்கும் பங்கு உண்டு, எனக்கும் உண்டு.

முன்னெல்லாம் டீச்சருங்க பெரிய பெரிய ஃபைல் தூக்கிட்டு வருவாங்க. இப்ப எல்லாம் இண்டர்நெட்ல. பாடத்திட்டம், வகுப்புல எடுத்த போட்டோ, போன பயிற்சிக்கெல்லாம் சர்டிபிகேட், எல்லாத்தையும் ஏத்தி வைக்கணும். மேலிடத்துல இருந்து எப்ப வேணா திறந்து பார்ப்பாங்க. அதோட ஒவ்வொரு பாடத்துக்கும் கீழ "சிந்தனை மீட்சி"ன்னு ஒரு கட்டம் இருக்கும். இன்னிக்குப் பாடம் எப்படிப் போச்சு, பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுதா, எங்க தடுக்குச்சுன்னு டீச்சர் யோசிச்சு அதுல எழுதணும். நல்ல விஷயம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா யாருக்குய்யா நேரம்? போன வாரம் எழுதினதை எடுத்து இந்த வாரம் ஒட்டுவாங்க, தேதியை மட்டும் மாத்துவாங்க. "பெரும்பாலான மாணவர்கள் பாட நோக்கத்தை அடைந்தனர். அடையாத மாணவர்களுக்குக் குறைநீக்கல் பயிற்சி வழங்கப்பட்டது." என் கடைக் கம்ப்யூட்டர்ல இந்த ரெண்டு வரி ஓடாத நாளே இல்ல. ஒரு தடவை ஒரு டீச்சரம்மா தீபாவளி லீவுக்கும் சேர்த்து ஒட்டிட்டாங்க. பள்ளிக்கூடமே பூட்டிக் கிடக்கு, பெரும்பாலான மாணவர்கள் நோக்கத்தை அடைஞ்சிட்டாங்க! நான் சிரிச்ச சிரிப்புல அவங்க ஒரு மாசம் கடைப் பக்கம் வரல.

என் டீச்சர் மட்டும் அப்படிச் செய்யமாட்டா. அவளுக்குக் கம்ப்யூட்டர் வராது. பழைய கேள்வித்தாளோட பின்பக்கத்துல கையால எழுதிக் கொண்டு வந்து கொடுப்பா, நான் தட்டச்சு பண்ணி ஏத்தணும். ஒருநாள் எழுதியிருந்தா: "இன்று பலத்த மழை. பிள்ளைகள் ஜன்னலையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பாடம் பாதிதான் நடந்தது."

"அடியேய், இதை ஏத்தினா உனக்கு மெமோ வரும்"னு சொன்னேன்.

"வரட்டும். மழையை யாரு நிறுத்துறது? எழுதினதை எழுதின மாதிரி போடுங்க."

பிடிவாதக்காரி. போட்டேன். யாரும் எதுவும் கேட்கல. யாரும் படிக்கலன்னுதான் அர்த்தம்.

எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. அதைப் பத்திப் பேசிப் பேசி அழுது முடிச்சு ரொம்பக் காலம் ஆச்சு. அவளுக்குப் பள்ளிக்கூடம்தான் எல்லாம். பழைய தோட்டத்துப் பள்ளிக்கூடம் அது, கோத்தா கோலா மூடா போற ரோட்டுல இருக்கு. மெயின் ரோட்டுல இருந்து சிம்பாங் சந்திப்புல திரும்பி செம்பனை மரங்களுக்குள்ள கொஞ்ச தூரம் போகணும். தோட்டத்துல இப்ப நம்ம தமிழ் ஆளுங்க கொஞ்சம் பேர்தான். பாதிப் பிள்ளைங்க வெளிய தாமான் குடியிருப்புல இருந்து வேன்ல வர்றாங்க. ஒரு வகுப்புக்கு ஒரு கை அளவு பிள்ளைங்க. ஒவ்வொண்ணும் என்ன சாப்பிடும், எதுக்கு அழும்னு எல்லாம் அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் காலையில, கடை திறந்து கொஞ்ச நேரத்துல, போன் வந்துச்சு.

"ஏங்க, நல்ல வௌவால் மீன் கிடைச்சுச்சு. வாங்கிட்டேன்."

"மீனா? பள்ளிக்கூடத்துல என்னடி மீன்?"

மெதுவா சொன்னா, "நான் கோத்தா கோலா மூடாவுல இருக்கேங்க. ஆறு கடல்ல சேர்ற இடத்துல. எப்படி வந்தேன்னு தெரியல."

தினம் திரும்புற சிம்பாங். அன்னிக்குத் திரும்பல. ரோடு முடியற வரைக்கும் காரை ஓட்டிட்டுப் போயிருக்கா. கடலைப் பார்த்ததும் என்ன செய்யறதுன்னு தெரியாம, சும்மா நின்னா யாராவது ஏதாவது கேட்பாங்கன்னு பயந்து மீனை வாங்கியிருக்கா. நான் சிரிச்சு மழுப்பினேன். "சரி விடு, ராத்திரிக்குக் குழம்பு வை"ன்னேன். போனை வைச்சதும் மெஷினை நிறுத்திட்டு உட்கார்ந்துட்டேன். அதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு விஷயம் கண்ணுல பட்டிருந்துச்சு, பெருசா எடுத்துக்கல. நாமதான் எதையும் கண்ணை மூடிக்கிட்டு தள்ளிவிடறவங்களாச்சே.

ஸ்பெஷலிஸ்ட் கிட்ட காட்டினோம். தலையைப் படம் எடுத்தாங்க. கடிகாரம் வரையச் சொன்னாங்க, வீட்டு சாமான் பேரெல்லாம் சொல்லச் சொன்னாங்க. சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து வரைஞ்சா. எத்தனையோ பிள்ளைங்களுக்குக் கடிகாரம் வரையச் சொல்லிக் கொடுத்தவ. டாக்டர் நல்ல மனுஷன். இது வயசானவங்களுக்கு வர்ற மறதி நோய், சில பேருக்குச் சீக்கிரமே வந்துடும், மருந்து கொடுக்கலாம், ஆனா முழுசா குணமாகாதுன்னார். வேலையைப் பத்தி யோசிங்கன்னும் சொன்னார்.

கார்ல ஏறினதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "யார்கிட்டயும் சொல்லாதீங்க. ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச வருஷம்தான். வகுப்புல நிக்கும்போது எனக்கு ஒண்ணும் ஆகறதில்ல, சத்தியமா. அங்க எல்லாம் ஞாபகம் இருக்கு. என்னை அங்க இருந்து எடுத்துட்டாங்கன்னா நான் என்ன ஆவேன்?"

சரின்னேன்.

அன்னியிலிருந்து நான்தான் அவளைக் கொண்டுபோய் விட்டேன், நான்தான் கூட்டிட்டு வந்தேன். கடையைத் தாமதமா திறந்தேன். கஸ்டமர் திட்டினாங்க, நான் அதைவிட நல்லா திட்டினேன். பள்ளிக்கூடத்துல கேட்டவங்ககிட்ட "டீச்சருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல், காடி ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க"ன்னு சொன்னேன். நம்பிட்டாங்க.

அடுத்து இந்த இ-போர்ட்போலியோ. அவ எழுதிக் கொடுக்கிற தாள் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. முதல்ல ரெண்டு வரி, அப்புறம் பாதி வரி. ஒருநாள் தேதியை மட்டும் எழுதி, கீழ வெறுமையா கொடுத்தா. "இன்னிக்கு நீங்களே ஏதாவது போட்டுடுங்களேன்"னா. எத்தனை வருஷமா "என் எழுத்துல ஒரு காற்புள்ளியைக்கூட மாத்தாதீங்க"ன்னு சண்டை போட்டவ சொல்றா, நீங்களே போடுங்கன்னு. அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து நான் ஒட்டினேன். பெரும்பாலான மாணவர்கள் பாட நோக்கத்தை அடைந்தனர்.

அப்புறம் அது பழகிப் போச்சு. அவ போன்ல இருந்து போட்டோ எடுப்பேன், கடையில இருக்கிற சாப்ட்வேர்ல வெளிச்சம் ஏத்தி, ஓரம் வெட்டி, அழகா ஓர் எல்லைக்கோடு போட்டு வைப்பேன். ஒரு வாரம்கூட விடல. யாராவது திறந்து பார்த்தா ஒரு குறை சொல்லக்கூடாது, ஒருத்தனுக்கும் சந்தேகம் வரக்கூடாது, அதான் என் எண்ணம். போட்டோவுல எல்லாம் பிள்ளைங்க மடிச்ச வண்ணத்தாளைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கும். ஒருநாள் சிவப்புத் தாள், ஒருநாள் பச்சை, ஒருநாள் மஞ்சள். ஒரே நாள்ல நிறைய எடுத்து வச்சிருக்கா போலன்னு நினைச்சேன். தினம் தினம் பார்த்தவன் நான். எனக்கே உறைக்கல பாருங்க.

ஒரு அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது. ஃபேக்டரியில வேலை செய்யற பொண்ணு, பிள்ளையோட சூராட் பெராநாக்கை, அதான் பிறப்புப் பத்திரத்தை, ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தாங்க. மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாங்க.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. டீச்சர் பின்னம் பாடத்தையே நடத்திக்கிட்டு இருக்காங்களாம், அரை, கால்னு. என் பிள்ளை சொல்லுது. தினம் தாளை மடிக்கிறாங்களாம்."

"ரிவிஷனா இருக்கும்லா"ன்னேன்.

"நானும் அதான்ணே நினைச்சேன். பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல, சந்தோஷமாத்தான் இருக்குதுங்க. எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியுதுல்ல. டீச்சரும் கெட்டிக்காரப் பிள்ளைன்னு கட்டிப் பிடிச்சுக்கறாங்களாம். வெளியில சொல்லாதே, டீச்சர் பாவம்னு பிள்ளைங்களே பேசி வச்சிருக்குதுங்க." அவங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "ஆனா அடுத்த வருஷம் அதுங்க கஷ்டப்படுமேண்ணே."

காசு வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அன்னிக்கு சாயங்காலம் அவகிட்ட கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னமோ. "அப்ப என்னைப் பைத்தியம்னு சொல்றீங்களா?"ன்னு எகிறினா. பாத்திரம் உருண்டுச்சு. பக்கத்து வீட்டுல டிவி சத்தத்தைக் குறைச்சாங்க, கேட்கறதுக்கு. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாடநூலைத் தூக்கிட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்தா. பக்கத்தைத் திருப்பிக் காட்டினா.

"இதுக்கு அடுத்தது எல்லாம் எனக்குப் புதுசா இருக்குங்க. இதை நானா நடத்தினேன், இத்தனை வருஷமான்னு இருக்கு. காலையில படிச்சுக்கிட்டுத்தான் போறேன். போர்டு முன்னாடி நின்னதும் போயிடுது. இந்த ஒரு பாடம்தான் என்கூட நிக்குது. அதான் அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

நான் அழுதேன். அவ அழல. என் முதுகைத் தடவிக் கொடுத்தா.

குரு பெசார்கிட்ட, அதான் அவங்க தலைமையாசிரியைகிட்ட, போய் உண்மையைச் சொல்லிடணும்னு முடிவு பண்ணேன். இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே இருந்தேன். ஒருநாள் மனசைத் தேத்திக்கிட்டு ஆபீஸ் ரூம் வாசல் வரைக்கும் போயிட்டேன். அவங்களே எழுந்து வெளிய வந்தாங்க, முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கண்ணே, வாங்க! உங்களுக்குத்தான் போன் பண்ணலாம்னு இருந்தேன். நம்ம டீச்சரோட இ-போர்ட்போலியோவை மேலிடத்துல தேர்ந்தெடுத்திருக்காங்க. ஒரு வாரம்கூட விடுபடல, போட்டோ எல்லாம் பளிச்சுன்னு இருக்காம். பயிற்சி ஆசிரியர்களுக்குப் பட்டறை வைக்கிறாங்க, நம்ம சுங்கை பட்டாணியிலயேதான். டீச்சர் வந்து எப்படிச் செஞ்சாங்கன்னு பேசணும்."

மழை பெய்ஞ்சுது, நானும் ஜன்னலைப் பார்த்தேன்னு அவ உண்மையை எழுதினப்ப ஒருத்தனும் திரும்பிப் பார்க்கல. நான் ஒட்டின பொய்க்கு மாலை போட வர்றாங்க. வாயைத் திறக்கறதுக்குள்ள பின்னாடி அவ வந்து நின்னுட்டா. விஷயத்தைக் கேட்டதும் அவ முகத்துல வந்த சிரிப்பு இருக்கே, அதை நான் ரொம்ப நாளா பார்க்கல. "என்னையா? என்னையா கூப்பிடறாங்க?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அந்த முகத்துக்கு முன்னாடி எவனால வேண்டாம்னு சொல்ல முடியும்? என்னால முடியல.

பட்டறை ஒரு சனிக்கிழமை. லேப்டாப் ஓட்டறது நான்னு சொல்லிக் கூடவே போயிட்டேன். என்ன பேசணும்னு பெரிய எழுத்துல அட்டையில பிரிண்ட் பண்ணிக் கொடுத்திருந்தேன், படம் மாறினா எந்த அட்டைன்னு நம்பர் போட்டு. கல்யாணத்துக்குக் கட்டற பட்டுச் சேலை கட்டிக்கிட்டா. மண்டபம் பூரா சின்னச் சின்னப் பொண்ணுங்க, பையனுங்க. நாளைக்கு டீச்சர் ஆகப் போறவங்க. எல்லார் முன்னாடியும் லேப்டாப்பு, எல்லாரும் எழுதத் தயாரா இருந்தாங்க.

முதல் படம் திரையில வந்துச்சு. அவ வகுப்புப் பிள்ளைங்க மஞ்சள் தாளைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சிரிக்குதுங்க. அவ அதையே பார்த்தா. அட்டையை மேசையில வச்சுட்டா. போச்சுன்னு நினைச்சேன்.

"பேசறதைவிட நடத்தியே காட்டிடறேனே. யாராவது ஆளுக்கொரு தாள் கொடுங்க"ன்னா.

சும்மா சொல்லக்கூடாது, அன்னிக்கு அவ நடத்தின மாதிரி நான் யாரும் நடத்திப் பார்த்ததில்ல. இத்தனைக்கும் அவ வகுப்பெடுத்து நான் பார்த்ததே அதுதான் முதல் தடவை. தாளை மேல தூக்கிக் காட்டினா. "இது ஒரு முழு ரொட்டி. எனக்கும் தங்கச்சிக்கும் சண்டை. யாருக்குப் பெரிய துண்டு?" சிரிச்சாங்க. மடிச்சா. "இப்ப இது என்ன?" "அரை!" இன்னொரு மடிப்பு. "இப்ப?" "கால்!" குரல் எங்கயும் தடுக்கல, ஒரு வார்த்தை தேடல. அந்த நேரம் எனக்கே டாக்டர் பொய் சொல்லிட்டாரோன்னு தோணுச்சு. முடிச்சதும் கை தட்டினாங்க பாருங்க, மண்டபமே அதிர்ந்துச்சு. எனக்கு மார்பு நிறைஞ்சு போச்சு.

கைத்தட்டல் நின்னுச்சு. அவ கையில இருந்த தாளை வச்சுட்டு, புதுசா ஒரு தாளை எடுத்தா. மேல தூக்கினா.

"இது ஒரு முழு ரொட்டி. எனக்கும் தங்கச்சிக்கும் சண்டை. யாருக்குப் பெரிய துண்டு?"

சிரிச்சாங்க. திரும்பச் செஞ்சு காட்டறாங்கன்னு நினைச்சிருப்பாங்க. சில பேர் எழுதக்கூட ஆரம்பிச்சாங்க. அதே வார்த்தை, அதே இடத்துல அதே சிரிப்பு, அதே மாதிரி கையை அசைச்சு மடிச்சா. சிரிப்பு ஒவ்வொண்ணா அடங்குச்சு. பட்டறை நடத்த வந்த மேலிடத்து அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிஞ்சுட்டேன்.

"இப்ப இது என்ன?"ன்னு கேட்டா. மண்டபத்துல மூச்சுச் சத்தம்கூட இல்ல. அவ முகம் மாறத் தொடங்குச்சு. "என்ன, யாருக்கும் தெரியலையா?"

முன்வரிசையில உட்கார்ந்திருந்த ஒரு பொண்ணு மெதுவா சொன்னா, "அரை, டீச்சர்."

அடுத்த கேள்விக்கு எல்லாரும் சேர்ந்து "கால்"னாங்க. புரிஞ்சுக்கிட்டாங்க. எந்தச் சாமி பெத்த பிள்ளைங்களோ, நல்லா இருக்கணும். கடைசி வரைக்கும் ஒரு கேள்வியையும் விடாம பதில் சொன்னாங்க. ஒருத்தர்கூட போனைத் தூக்கிப் படம் எடுக்கல. அவ மூணாவது தாளுக்குக் கையை நீட்டினப்ப நான் எழுந்து போய் அந்தக் கையைப் பிடிச்சேன்.

"டீச்சர், பெல் அடிச்சாச்சு."

"அதுக்குள்ளயா?"ன்னா.

கார்ல திரும்பி வந்தோம். வீடு வர்ற சமயம் கேட்டா, "நான் திரும்ப நடத்திட்டேன், இல்ல?"

"ம்."

"அந்தப் பிள்ளைங்க கண்ணைப் பார்த்ததும் தெரிஞ்சுது. என் வகுப்புப் பிள்ளைங்களும் அப்படித்தாங்க பார்க்குதுங்க, கொஞ்ச நாளா. எனக்கு இப்பதான் புரியுது." சேலை முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டா. "போதுங்க. அதுங்க என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தா, அதுங்களை யாரு பார்க்கிறது? நாளைக்கு நானே குரு பெசார்கிட்ட சொல்லிடறேன். நீங்க வாயைத் திறக்கக்கூடாது, நான்தான் சொல்லணும்."

"சரி டீச்சர்."

"நான் மறந்துட்டேன்னா மட்டும் ஞாபகப்படுத்துங்க."

மறுநாள் ஞாயிறு. எங்க கெடா மாநிலத்துல வெள்ளி, சனிதான் லீவு, ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. நான் குளிச்சுட்டு வெளிய வர்றேன், அவ எனக்கு முன்னாடியே தலை சீவி, பொட்டு வச்சு, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு கார்கிட்ட நிக்கறா. பையில இருந்து வண்ணத்தாள் எட்டிப் பார்க்குது, இந்தத் தடவை நீலம்.

"என்னங்க இவ்வளவு நேரம்? சீக்கிரம் வாங்க, இன்னிக்குப் பிள்ளைங்களுக்குப் புதுப் பாடம் ஆரம்பிக்கணும்"னா.

கார் கதவைத் திறந்து விட்டேன். அப்புறம் அவ தோள்ல இருந்த பையை வாங்கிக்கிட்டு, அவ நேத்து சொன்னதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன்.